மிஸ் மார்ப்பிளும் ஒரு ரேஷன் புத்தகமும்

அகதா கிறிஸ்டி என்றதும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது முட்டைத் தலையும் முறுக்கிய மீசையுமாக வரும் ஹெர்க்யூல் பாய்ரோதான். மிஸ் மார்ப்பிளுக்கு எப்போதும் இரண்டாம் இடம். மடியில் கம்பளி நூல் உருண்டையை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டே ஊர்வம்பு கேட்கும் ஒரு பாட்டி. போலீஸ் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, பட்டமும் இல்லை. கடைசி அத்தியாயத்தில் எப்போதோ தன் கிராமத்தில் பொய் சொன்ன ஒரு வேலைக்காரப் பெண்ணை நினைவுகூர்ந்து, அதை வைத்தே கொலையாளியைக் காட்டிக் கொடுத்துவிடுவார். 1927ல் ஒரு சிறுகதையில் அறிமுகமாகி, 1930ல் முதல் நாவலுக்கு வந்து, மொத்தம் 12 நாவல்களிலும் 20 சிறுகதைகளிலும் இதைத்தான் செய்கிறார்.

இதனாலேயே அந்த நாவல்களை 'டீ குடித்துக்கொண்டே படிக்கலாம்' வகையில் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். இது புதிய குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. 1944லேயே ரேமண்ட் சாண்ட்லர் என்ற அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர், ஆங்கிலேய மர்மக் கதைகளில் வாழ்க்கையே இல்லை என்று ஒரு கட்டுரையில் கிழித்துத் தொங்கவிட்டார். அடுத்த வருடமே எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல் ஒன்றின் பாத்திரத்தை யார் கொன்றால்தான் யாருக்கென்ன என்று தலைப்பிலேயே கேட்டார். அவர்களுடைய வாதம் சுருக்கமாக இதுதான்: இவை குறுக்கெழுத்துப் புதிர்கள். இதில் மனிதர்கள் கிடையாது, கட்டங்கள் மட்டும்தான்.

பாதி உண்மை. கிறிஸ்டியின் பல நாவல்கள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு வந்து சில வருடங்களிலேயே, 1950ல், அவர் எழுதிய ஒரு நாவல் இதற்கு நேர் எதிரான சாட்சியாக நிற்கிறது. 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு'. அவருடைய 50வது புத்தகம் என்று பதிப்பாளர் கொண்டாடி வெளியிட்டது. புதிராகவும் நன்றாக இருக்கிறது என்பதால், அதற்குள் இருக்கும் இன்னொரு கதையை யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த இன்னொரு கதை பணத்தைப் பற்றியது. சரியாகச் சொன்னால், பணமில்லாமல் வயதாகிப் போகும் பெண்களைப் பற்றியது.

(எச்சரிக்கை: இதற்குமேல் கொலையாளி யார் என்பது வந்துவிடும். படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம், கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.)

கதை இப்படி ஆரம்பிக்கிறது. சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற சிறிய கிராமம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, உள்ளூர்ப் பத்திரிகையின் விளம்பரப் பகுதியில், நாய்க்குட்டி விற்பனைக்கும் வேலையாள் தேவைக்கும் நடுவே ஓர் அறிவிப்பு. இன்று மாலை ஆறரை மணிக்கு லிட்டில் பேடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் வரலாம் என்று. அந்த வீட்டுக்காரி மிஸ் லெட்டிஷியா பிளாக்லாக்கிற்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஊரே மாலையில் வந்துவிடுகிறது. ஆறரைக்கு விளக்கு அணைகிறது, கதவு திறக்கிறது, ஒருவன் டார்ச் அடித்துக் கையைத் தூக்கச் சொல்கிறான், துப்பாக்கி வெடிக்கிறது. விளக்கு வந்ததும் பார்த்தால் மிஸ் பிளாக்லாக்கின் காதில் ரத்தம். டார்ச் அடித்தவன் செத்துக் கிடக்கிறான். ரூடி ஷெர்ஸ் என்ற சுவிஸ் இளைஞன், பக்கத்து ஊர் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பாளராக இருந்தவன்.

இந்த ஆரம்பத்தைத்தான் எல்லோரும் பாராட்டுவார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த மாலையில் வந்த விருந்தாளிகள் என்ன பேசுகிறார்கள் என்று கவனித்தால் வேறொன்று தெரியும். ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள், அறை கதகதப்பாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சென்ட்ரல் ஹீட்டிங் போட்டுவிட்டீர்களே என்று சொல்லி வைத்ததுபோல் சொல்கிறார்கள். படிக்கும்போது சின்ன நகைச்சுவை. ஆனால் போர் முடிந்து சில வருடங்களே ஆன இங்கிலாந்தில் எரிபொருள் அவ்வளவு தட்டுப்பாடு. யார் வீட்டில் எப்போது கரி எரிகிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்ளும் காலம். அக்டோபர் மாதத்திலேயே ஒருவர் ஹீட்டிங் போடுகிறார் என்றால் அது பேச வேண்டிய விஷயம்தான்.

பிறகுதான் தெரிகிறது, அதுதான் துப்பு. ஹீட்டிங் போட்டால் கணப்பில் நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. நெருப்பு இல்லையென்றால், விளக்கு அணைந்ததும் அறை முழு இருட்டு. கொலையாளிக்கு அந்த இருட்டு வேண்டும். துப்பை எங்கே ஒளித்து வைக்கிறார் பாருங்கள், நாட்டின் பற்றாக்குறைக்குள்! ரேஷன் கடை வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இந்தத் தந்திரத்தின் அழகு சட்டென்று பிடிபடும். பற்றாக்குறையைப் பற்றிய பேச்சை யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை, ஏனென்றால் எல்லோரும் எப்போதும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் வரலாறு. பிரிட்டனில் உணவு ரேஷன் 1940ல் ஆரம்பித்தது. போர் 1945ல் முடிந்தது, ரேஷன் முடியவில்லை. போர்க்காலத்தில்கூட ரேஷனில் வராத ரொட்டி, போர் முடிந்த பிறகு 1946ல் வந்து 1948 வரை இருந்தது. தேயிலை ரேஷன் 1952 வரை, வெண்ணெய் 1954 வரை. ஜெயித்த நாட்டின் நிலைமை இது. நாவலில் வியாழக்கிழமையானால் ஒரு பண்ணையில் வெண்ணெய் எடுப்பார்கள், வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஒருவர் வாங்கி வந்து வீடு வீடாக வைத்துவிட்டுப் போவார், பதிலுக்கு வேறொன்று வந்து சேரும். சட்டப்படி தப்பு. இதற்காகவே யாரும் கதவைப் பூட்டுவதில்லை. விசாரணைக்கு வரும் இன்ஸ்பெக்டர் கிராடாக்கிடம் ஆளாளுக்கு மழுப்புவதற்குப் பாதிக் காரணம் கொலை இல்லை, வெண்ணெய். பாதிரியாரின் மனைவி பன்ச்தான் கடைசியில் உள்ளதைச் சொல்கிறார். பணத்தை நம்ப முடியாத இடத்தில் பண்டமாற்று எப்படித் தானாக முளைக்கிறது என்பதற்குப் பொருளாதாரப் பாடப்புத்தகத்தைவிட இந்தச் சில பக்கங்கள் மேல்.

ரேஷன் என்றால் ரேஷன் புத்தகம், அடையாள அட்டை. 1939ல் போர் தொடங்கியதும் தேசியப் பதிவுச் சட்டம் வந்து எல்லோருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் சாதாரண மக்களின் அந்த அட்டையில் புகைப்படம் கிடையாது. பெயரும் எண்ணும் முகவரியும்தான். இன்னொருவர் அட்டை கையில் கிடைத்தால் அவராகவே ஆகிவிடலாம். கிராடாக் இதைத்தான் நினைத்துப் பார்க்கிறார். இந்த ஊரில் உள்ள எல்லோருக்கும் ஒழுங்கான காகிதங்கள் இருக்கின்றன, ஆனால் அந்தக் காகிதத்திற்குப் பின்னால் இருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. நாவல் வந்த 1950ன் டிசம்பரில், கிளாரன்ஸ் வில்காக் என்பவர் போலீஸ்காரரிடம் அட்டையைக் காட்ட மறுத்து வழக்கு நடந்ததும், 1952ல் அட்டையையே ஒழித்ததும் நிஜ வரலாறு.

மிஸ் மார்ப்பிளும் இதையேதான் சொல்கிறார், வேறு கோணத்தில். முன்பெல்லாம் கிராமத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தால் யாராவது ஒரு பழைய நண்பரின் கடிதம் முன்னால் வரும். இன்னார் மகள், இன்னார் ரெஜிமென்ட், இன்ன ஊர் என்று. போருக்குப் பிறகு அப்படி இல்லை. வந்தவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறாரோ அதுதான் அவர். இது சாதாரண வயதானவர் புலம்பல் இல்லை. மிஸ் மார்ப்பிளின் ஒரே ஆயுதம் கிராமத்து மனிதர்களை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது. அந்த ஆயுதம் உடைந்துவிட்டது என்று அவரே ஒப்புக்கொள்ளும் இடம் இது. பதினைந்து வருடம் முன்பு நடந்திருந்தால் இந்தக் கொலைக்கு அவசியமே இருந்திருக்காது, ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொல்லியே இருக்க முடியாது. மற்ற மார்ப்பிள் நாவல்களிலிருந்து இது மேலே நிற்பது இதனால்தான்.

என்ன பொய்? லெட்டிஷியா பிளாக்லாக் உண்மையில் லெட்டிஷியா இல்லை. அவருடைய தங்கை ஷார்லட்.

இதைப் புரிந்துகொள்ள ஓர் உயிலைப் பார்க்க வேண்டும். லெட்டிஷியா, ராண்டல் கோட்லர் என்ற பெரும் பணக்கார நிதி வியாபாரியிடம் இருபது வருடத்துக்கு மேல் செயலாளராக இருந்தவர். நேர்மையானவர். கோட்லருக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்தின் வருமானம் மனைவி பெல்லுக்கு ஆயுள் வரை. பெல் இறந்த பிறகு மொத்தச் சொத்தும் லெட்டிஷியாவுக்கு. ஆனால் பெல்லுக்கு முன்பே லெட்டிஷியா இறந்துவிட்டால், கோட்லரோடு சண்டை போட்டுக்கொண்டு போன தங்கையின் பிள்ளைகளான பிப், எம்மா இருவருக்கு. ஆக, யார் முதலில் சாகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெல் வருடக்கணக்கில் நோயாளி, ஸ்காட்லாந்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். ஆனால் போகவில்லை. சுவிட்சர்லாந்தில் இருந்த லெட்டிஷியா நிமோனியாவில் முந்திக்கொண்டார்.

அன்றைக்குக் கூடவே இருந்தவர் ஷார்லட். அவர் அங்கே போனதற்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதிலேயே கழுத்தில் கழலை வந்தவர் அவர். அப்பா டாக்டர், பழைய பிடிவாதக்காரர், அறுவை சிகிச்சையே கூடாது என்று மகளை அப்படியே விட்டுவிட்டார். கழலை பெரிதானதும் ஷார்லட் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். வெளியுலகம் என்பது அக்கா எழுதும் கடிதங்கள் மட்டும்தான். அப்பா இறந்த பிறகு அக்காதான் வேலையை விட்டுவிட்டு சுவிட்சர்லாந்துக்குக் கூட்டிப்போய் அறுவை சிகிச்சை செய்ய வைக்கிறார். (சுவிட்சர்லாந்து என்று கிறிஸ்டி சும்மா எழுதவில்லை. கழலை அங்கே அவ்வளவு பரவலாக இருந்தது. பெர்ன் நகரத்தின் தியோடர் கோஹருக்குத் தைராய்டு பற்றிய பணிக்காக 1909ல் நோபல் பரிசே கிடைத்தது. உப்பில் அயோடின் சேர்ப்பதை 1922லேயே ஆரம்பித்த நாடும் அதுதான்.) சிகிச்சை பலித்தது. கழுத்தில் தழும்பு மட்டும் மிச்சம். அதை மறைக்கத்தான் நாவல் முழுக்க அவர் கழுத்தை ஒட்டி முத்துமாலை போட்டிருக்கிறார்.

இப்போது ஷார்லட்டின் நிலையில் நின்று பாருங்கள். வாழ்க்கையின் நல்ல வருடங்கள் ஒரு வீட்டின் மாடி அறைக்குள் போய்விட்டன. வேலை பார்த்ததில்லை, கல்யாணம் இல்லை. ஒரே துணையான அக்கா போய்விட்டார். அக்கா இன்னும் சில வருடம் உயிரோடிருந்தால் இருவருக்குமாக வந்திருக்கும் சொத்து, இரண்டு அந்நியர்களுக்குப் போகப் போகிறது. ஷார்லட் செத்துவிட்டார், லெட்டிஷியா உயிரோடிருக்கிறார் என்று பெயரை மட்டும் மாற்றிச் சொன்னால் போதும். யாருக்கும் நேரடியாக ஒரு அடிகூட விழவில்லை. ஒரு காகிதத்தில் ஒரு பெயர். அவ்வளவுதான்.

அன்றைக்குத் தனியாக இருந்த ஒரு பெண்ணுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்களைவிடப் பெண்கள் 17 இலட்சத்துக்கும் மேல் அதிகம். 'உபரிப் பெண்கள்' என்றே பத்திரிகைகள் எழுதின, ஏதோ கிடங்கில் தேங்கிய சரக்குபோல. அந்தத் தலைமுறைதான் 1950ல் வயதாகி நிற்கிறது. அரசாங்க ஓய்வூதியம் 1946லிருந்து தனியாளுக்கு வாரம் 26 ஷில்லிங், அதுவும் பங்களிப்பு செலுத்தியவர்களுக்கு. சிப்பிங் கிளெக்ஹார்னில் பாருங்கள், பாதி வீடுகளில் தனிப் பெண்கள். பன்றியும் கோழியும் வளர்த்துச் சமாளிக்கும் ஹிஞ்ச்கிளிஃபும் மர்கட்ராய்டும். தோட்டவேலை பார்த்து மகனைப் படிக்க வைக்கும் ஃபிலிப்பா. அடுத்தவர் தயவில் இருக்கும் டோரா பன்னர்.

டோராதான் நாவலின் இதயம். பள்ளிக்கூடத்தில் அழகாக இருந்த பெண், கடைசியில் வறுமையில் விழுந்து, துணியை ஒட்டுப்போட்டு, பசியோடு, ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளாமல் வாழ்ந்து, ஒருநாள் பழைய தோழிக்குக் கடிதம் எழுதுகிறார். தோழி உடனே கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார். டோராவுக்கு உண்மை தெரியும். காட்டிக் கொடுக்க மாட்டார், ஆனால் மறதிக்காரர், வாய் தவறிவிடும். 'லெட்டி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'லாட்டி' என்று வந்துவிடும். படிப்பவர்கள் அதை அச்சுப்பிழை என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள்!

ரூடி ஷெர்ஸ் செத்தது அவன் சுவிட்சர்லாந்தில் ஷார்லட்டை நோயாளியாகப் பார்த்திருந்ததால். அவன் மிரட்டியதாகக்கூடத் தெரியவில்லை, முகம் ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான். அடுத்தது டோரா. இந்தக் கொலைதான் சாண்ட்லருக்கும் வில்சனுக்கும் பதில். டோராவின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்யச் சொல்கிறார் ஷார்லட். அமெரிக்காவிலிருந்து வந்த டின் வெண்ணெய், கிறிஸ்துமஸுக்கென்று சேர்த்து வைத்திருந்த உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரை என்று வீட்டில் பதுக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் சமையற்காரி மிட்ஸியிடம் எடுத்துக் கொடுக்கிறார். அந்த வீட்டின் இளைஞன் அந்தக் கேக்கிற்கு 'சுவையான மரணம்' என்று விளையாட்டாகப் பெயர் வைத்திருக்கிறான். எல்லோரும் சாப்பிட்டு மகிழ்கிறார்கள். டோராவுக்கு அவ்வளவு சந்தோஷம். இரவு தலைவலி என்று தோழியின் அறையிலிருந்த ஆஸ்பிரின் புட்டியிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டு படுக்கிறார். எழுந்திருக்கவில்லை.

விஷம் கேக்கில் இல்லை. அந்தக் கேக் நிஜமான அன்பு. வெண்ணெய்க்கு ரேஷன் இருக்கும் நாட்டில் ஒருத்தி தன் சேமிப்பு முழுவதையும் தோழிக்குக் கொட்டிக் கொடுக்கிறாள், அதே இரவு அவளைக் கொல்லவும் செய்கிறாள், இரண்டையும் மனதார. புதிர்க் கட்டத்துக்கு இது தேவையே இல்லை. மாத்திரை மட்டும் போதும். கேக் எதற்கு? எழுதியவருக்கு மனிதர்களைத் தெரியும் என்பதற்கு.

ஷார்லட் கொடூரமானவர் இல்லை, அன்பானவர், ஆனால் பலவீனமானவர் என்பதே மார்ப்பிளின் கணிப்பு. பயந்துபோன பலவீனமானவர்கள்தான் மோசமானவர்கள் என்பது அவர் கட்சி. இதில் கொஞ்சம் மறுப்பும் சொல்லலாம். பலவீனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது மார்ப்பிளுக்குச் சுலபம். அவருக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது, செலவுக்கு அனுப்ப ரேமண்ட் என்ற எழுத்தாளர் மருமகன் இருக்கிறார். ஷார்லட்டுக்கு யார் இருந்தார்கள்? மகளை அறைக்குள் அடைத்துச் சாகடித்த அந்த டாக்டர் அப்பாவைப் பற்றி மார்ப்பிள் இன்னும் இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருக்கலாம். அதற்காக மூன்று கொலைகளை மன்னிக்க வேண்டும் என்பதில்லை. மர்கட்ராய்ட் பாவம், அன்று இருட்டில் யார் இடத்தில் இல்லை என்று யோசித்ததுதான் அவர் செய்த தப்பு.

குறைகளும் இருக்கின்றன. பிப், எம்மா இருவருமே தனித்தனியாக, ஒருவரையொருவர் அறியாமல், அதே வீட்டில் வந்து தங்கியிருக்கிறார்கள் என்பது ரொம்பவே ஓவர். பத்துப் பேர் நிற்கும் இருட்டு அறையில் பின்கதவு வழியாகப் போய்ச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்து நிற்பதும் சினிமாத்தனம். ரூடியை ஒழிக்க வேண்டுமென்றால் ஊரைக் கூட்டி விளம்பரம் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை மிட்ஸி. ஐரோப்பாவில் குடும்பத்தைக் கண்ணெதிரே இழந்து அகதியாக வந்த பெண். அவள் எதைச் சொன்னாலும் வீட்டில் எல்லோரும் பொய், மிகை என்று சிரிக்கிறார்கள். கிறிஸ்டியும் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். போலீஸைக் கண்டு அவள் நடுங்குவது நகைச்சுவைக் காட்சி! நாவல் வந்தபோது வதைமுகாம்கள் திறக்கப்பட்டு ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. ஆனால் கடைசியில் ஷார்லட்டைப் பொறியில் சிக்கவைக்கத் தன் உயிரைப் பணயம் வைப்பவளும் மிட்ஸிதான். சாவித் துவாரம் வழியாகப் பார்த்தேன் என்று மார்ப்பிள் சொல்லிக் கொடுத்த ஒரு பொய்யைத் துணிந்து சொல்கிறாள், ஷார்லட் அவளைச் சமையலறைத் தொட்டித் தண்ணீரில் அமுக்குகிறார். ஊரே பொய்க்காரி என்று சொன்னவளின் பொய்தான் உண்மையை வெளியே கொண்டுவருகிறது. இதை வேண்டுமென்றே செய்தாரா, கதை இழுத்துக்கொண்டு போனதா, சொல்வது கஷ்டம்.

அந்தச் சமையலறைக் காட்சியில் மார்ப்பிள் என்ன செய்கிறார் என்பது முக்கியம். துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள் ஒளிந்து நின்றுகொண்டு, செத்துப்போன டோராவின் குரலில் பேசுகிறார். லாட்டி, வேண்டாம் என்பதுபோல. பாய்ரோவாக இருந்தால் எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றியிருப்பார். மார்ப்பிளுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருக்கிறது. எந்த வாதமும் ஆதாரமும் அசைக்காத ஷார்லட், தான் கொன்ற தோழி தன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் கை விட்டுவிட்டு அழ ஆரம்பிக்கிறார். பல வருடமாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் டோரா ஒருத்திதான் மிச்சம் இருந்தாள்.